முதுமையும் மருந்தும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் நின்று, கேட்டார் உள்ளம் குளிரப் பேசிச் சென்றிருக்கிறார்கள். இவ்வாண்டோ, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகம் ஒன்றில் பிறருடைய பணிப்பதிவேடுகளைப் புரட்டிக் காலங்கழிக்கும் என்னை அழைத்து, "நீங்களும் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்துவிட்டார்கள். சிலம்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. கம்பனைப் பற்றிப் பேசினால் நம் புலவர் ஐயா மன்னிக்கமாட்டார். ஆகவே, எனக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைப் பற்றியே பேசலாம் என்று துணிந்தேன். அது என் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு பிஸ்கட் டப்பா. நகைக்க வேண்டா. உங்கள் வீட்டிலும் அத்தகைய டப்பா ஒன்று உண்டு. அதனுள் இருப்பவை பிஸ்கட்டுகள் அல்ல. நம் தாய் தந்தையரின் மாத்திரைகள்.

நம் ஜோகுபாளையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் வீற்றிருக்கிறார். 1991-இல் நிறுவப்பட்டும், 18 ஆண்டுகள் மூடப்பட்டே கிடந்து, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள் திறக்கப்பெற்ற அச்சிலையை நாம் அனைவரும் அறிவோம். அன்று அக்கூட்டத்தில் முண்டியடித்து நின்றவர்களுள் யானும் ஒருவன். அப்பெருமான் தம் நூலில் 95-ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்றே பெயரிட்டிருக்கிறார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, நான்காவதாக, நோயாளியின் அருகேயிருந்து மருந்தை முறையாகக் கொடுப்பவர் ஒருவர். முதல் மூன்றையும் நாம் எளிதில் காண்கிறோம். வீட்டில் நோயாளி இருக்கிறார். தெருவுக்குத் தெரு மருத்துவர் இருக்கிறார். மருந்துக் கடையோ மளிகைக் கடையினும் மிகுதி. அந்த நான்காமவர் யார்? அவர் எங்கே போனார்? என் பேச்சு முழுவதும் அந்த ஒரு வினாவைப் பற்றியதே.

என் அன்னையாருக்கு இப்போது 78 வயது. என் தந்தையார் பணியில் இருந்தபோதே காலமானார். அதன் பயனாகவே எனக்கு இந்த வேலை கிடைத்தது. ஆகவே அன்னையாரைக் குறைவின்றிக் காப்பது என் கடமை என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அவருக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் பல ஆண்டுகளாக உண்டு. திங்கள்தோறும் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அரை நாள் வரிசையில் நின்று, மருந்து வாங்கி வந்து டப்பாவில் போட்டுவிடுவேன். "அம்மாவுக்கு எல்லாம் வாங்கி வைத்தாயிற்று" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரிப்பேன். கடமை முடிந்தது! இப்படித்தான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாரிக்காலத்தில் அவருக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. அரை நாள் வரிசைக்கு அஞ்சி, அருகிலுள்ள ஒரு தனியார் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்து, மிகுதியாக இருக்கிறதென்று கூறி, "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கன்னடத்தில் வினவினார். அன்னையார், "சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை" என்றார். உலகிலுள்ள மாத்திரைகளில் பாதி சிறியவை. அவற்றில் பாதி வெள்ளை. அருகில் நின்ற நானோ அந்த மாத்திரையின் பெயரை ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. மருத்துவர் சளிக்கான மருந்தோடு அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கினேன், டப்பாவில் போட்டேன்.

இரண்டு திங்கள் சென்றன. அன்னையாரின் இரு கால்களும் கணுக்காலருகே வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழும். பதறிப்போய் இன்னொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் நீர் பிரிவதற்கான மாத்திரை ஒன்றைக் காலையில் உண்ணும்படி எழுதினார். அதையும் வாங்கினேன், டப்பாவில் போட்டேன்.

ஒரு பிரதோஷ நாள் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் பெருத்த ஓசை கேட்டது. அன்னையார் வழுக்கி விழுந்து கிடந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடுப்பு எலும்பு தப்பியது இறைவன் அருள் என்றே சொல்ல வேண்டும்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்ட மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். அவர் முறிவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அம்மா சாப்பிடுகிற மாத்திரை அத்தனையும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்" என்றார். பிஸ்கட் டப்பாவை அப்படியே எடுத்துச் சென்றேன். அவர் அதை மேசைமேல் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்து, இரண்டு அட்டைகளை மட்டும் தனியே எடுத்து என் முன் வைத்தார். "இது எந்த மருந்து, படியுங்கள்" என்றார். படித்தேன். வாணிபப் பெயர் வேறு வேறு; நிறுவனம் வேறு வேறு; அடியில் இருந்த மருந்தின் பெயர் மட்டும் ஒன்றே. இரண்டும் அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம்.

பெரியோர்களே, ஓர் ஊழியரின் விடுப்புக் கணக்கில் அரை நாள் பிழையிருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டமிடும் நான், என்னைப் பெற்றவர் ஒரே மருந்தை இரு பெயரில் இரு மடங்காக உண்பதைப் பல திங்கள் பாராமல் இருந்திருக்கிறேன். அந்த மருத்துவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். அம்லோடிபின் நல்ல மருந்துதான். ஆயின், அதன் அளவு கூடக்கூடச் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அவ்வீக்கம் மருந்தினால் வந்தது என்று அறியாத இன்னொரு மருத்துவர், அது புது நோய் என்று எண்ணி நீர் பிரியும் மாத்திரை தருவார். அது உடலின் நீரையும் உப்பையும் குறைக்கும்; எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்; அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வைக்கும். ஒரு மருந்தின் விளைவை நோயாக எண்ணி மறு மருந்து, அதன் விளைவுக்கு வேறொரு மருந்து என்று, பெட்டியோடு பெட்டி கோத்த சரக்கு வண்டிபோல் அது நீண்டுகொண்டே போகும். எங்கள் வீட்டில் அந்த வண்டி குளியலறையில் வந்து கவிழ்ந்தது.

இன்னும் ஒன்று எனக்கு விளங்கவில்லை. காலையில் உண்ணவேண்டிய நீர் மாத்திரை இரவு இரண்டு மணிக்கு எப்படி வேலை செய்தது? அம்மருந்து உள்ளே சென்ற ஒரு மணி நேரத்தில் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிடும் என்கிறார்கள். நான் கேட்டால் அன்னையார் வாய் திறக்கவில்லை. என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து, தலைவாரி விட்டபடியே மெல்லக் கேட்டறிந்தாள். "கோயிலுக்குப் போற நாள்ல காலையில அதைப் போட்டா, சாயங்காலம் வரைக்கும் பயமா இருக்கு. சோமேசுவரர் சந்நிதியில நெரிசல்ல நிக்கும்போது அடக்க முடியலன்னா யார்கிட்டப் போய்ச் சொல்றது? ஆனா விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே! அதான் வந்து ராத்திரி போட்டுக்கிட்டேன்" என்றாராம்.

இதைக் கேட்டபோது என் கண் கலங்கிற்று. அவர் மருத்துவரின் சொல்லை மீறவில்லை. அதைக் காப்பாற்ற முயன்றார். தம் மானத்தையும் காத்து மருத்துவரின் சொல்லையும் காக்க அவர் கண்ட வழியே அவரை வீழ்த்திற்று. மகனிடம் சொல்ல நாணம். ஆண் மருத்துவரிடம், அதுவும் மகன் மொழிபெயர்க்கச் சொல்வது அதனினும் நாணம். இதை எந்த மருத்துவர் கண்டுபிடிப்பார்? எந்த இரத்தப் பரிசோதனை காட்டும்?

ஒரு அம்லோடிபின் நிறுத்தப்பட்டது. வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. நீர் மாத்திரையும் நிறுத்தப்பட்டது. எந்தப் புது மருந்தும் எழுதாமல், இரண்டை எடுத்துவிட்டே அந்த மருத்துவர் என் அன்னையாரை நலமாக்கினார். பணம் செலவாகாத மருத்துவத்தை நான் கண்டது அன்று ஒருமுறைதான்.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று, செல்வம் மிக்க நாடுகளிலேயே நெடுங்கால நோயுடையோரில் ஏறக்குறைய பாதிப்பேர்தாம் மருந்தை முறைப்படி உட்கொள்கின்றனர் என்றும், ஏழை நாடுகளில் அது இன்னும் குறைவு என்றும் கூறுகிறது. மருந்து பயன்படாமல் போவதற்குப் புது மருந்து கண்டுபிடியாமை காரணமன்று. கண்டுபிடித்த மருந்து வாய்க்குள் ஒழுங்காகப் போகாமையே காரணம் என்பது இதனால் புலப்படும்.

முதியோர் உடல் இளையோர் உடலைப் போன்றதன்று என்பதையும் நாம் உணர வேண்டும். வயது ஏறும்போது சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் குறைகிறது. நாற்பது வயதுக்காரர் உடலிலிருந்து விரைவில் வெளியேறும் மருந்து எண்பது வயதுக்காரர் உடலில் நெடுநேரம் தங்கும். உடல் மெலிந்து, உணவு குறைந்து, நடை தளர்ந்த பின்னும், பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய அதே அளவை உண்பது பொருந்துமா? இதனை ஆராய்ந்தே, மார்க் பியர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1991-இல், முதியோர் இல்லங்களில் வாழ்வோர்க்குத் தீங்கு விளைக்கக்கூடிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவர் பெயராலேயே அப்பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. நம் தமிழ்நாட்டிலும் இத்துறை புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே டாக்டர் வ. செ. நடராசன் அவர்கள் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார்கள். இந்தியாவில் அதுவே முதல். குழந்தைகளுக்குத் தனி மருத்துவர் வேண்டுமென்று நாம் ஒப்புக்கொள்கிறோம். பாட்டிக்குத் தனி மருத்துவமா என்று கேட்பவர் மட்டும் இன்னும் நம்மிடையே உளர்.

அப்பியர்ஸ் பட்டியலில் உள்ள ஒன்று கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை மாத்திரை. அதுவும், கிளிமிபிரைடு போன்ற அதன் இனத்து மாத்திரைகளும், நாம் உண்டோமா உண்ணவில்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும் இயல்பின. தாய்மார்களே, இதை நீங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுப் பாட்டிமார் சஷ்டி என்பர், கிருத்திகை என்பர், ஏகாதசி என்பர். உணவை விடுவர், மாத்திரையை விடமாட்டார்கள். நண்பகலுக்குள் உடல் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவர். "அம்மன் வந்திருக்கிறாள்" என்று கற்பூரம் ஏற்றிய வீடும் எனக்குத் தெரியும். வந்தது அம்மனன்று, சர்க்கரை தாழ்ந்துவிட்டது. நினைவு இருக்குமானால் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுக்க வேண்டும். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நோன்பை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவர்கள் கேட்கப் போவதில்லை. நோன்பு நாளுக்கு முன்பே, அன்று எந்த மாத்திரையை எவ்வாறு கொள்வது என்று மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.

நம் காபியும் ஒரு குற்றவாளிதான். தைராய்டு மாத்திரை உண்போர் நம் பெண்மணிகளில் ஏராளம். அது வெறும் வயிற்றில் வெறும் நீருடன் போக வேண்டிய மருந்து. அரை மணியேனும், கூடுமானால் ஒரு மணி நேரமேனும் கழித்தே காபி குடிக்க வேண்டும். காபியோடு சேர்ந்தால் மருந்து குடலில் சரிவர ஏறாது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? டிகாஷன் இறங்கும் மணம் வந்ததும் மாத்திரையும் காபியும் ஒன்றாக உள்ளே போகின்றன. ஆறு திங்கள் கழித்துப் பரிசோதனையில் சரியில்லை என்று தெரிந்ததும் மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். குறை அளவிலா இருந்தது?

மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் முதலிய மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். அவை வலியைப் போக்கும். ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைத் தாக்கும், இதயத்துக்காக ஆஸ்பிரின் உண்போர்க்கு வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். சீட்டில்லாமல் வாங்கியதால் அது மருந்தன்று என்று நம்மவர் எண்ணுகின்றனர். மருத்துவர் கேட்கும்போது அதைச் சொல்வதுமில்லை. நாட்டு மருந்துச் சூரணமும் அப்படியே. எதை உண்டாலும் சொல்லிவிட வேண்டும்.

மருந்துக் கடைக்காரரைப் பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு. பத்து மாத்திரை கொண்ட அட்டையில் ஆறு போதும் என்றால் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி, காலாவதி நாள் முழுதும் போய்விடும். முன்பதிவுச் சீட்டைப் பாதியாய்க் கிழித்துக் கொடுத்து, "வண்டி ஏறு" என்று சொன்னால் ஏறுவோமா? முதியோர்க்கு அந்தத் துண்டிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுப்பதே ஒரு போர். விரல் மூட்டு வீங்கியவர் அழுத்தினால் மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கடியில் போய்விடும். தேடக் குனிய முடியாது. அன்றைய மருந்து அவ்வளவுதான்.

விழுங்க முடியவில்லை என்று பொடி செய்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்ற எழுத்துகள் இருக்குமானால், அது சிறிது சிறிதாக நாள் முழுதும் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை. அதைப் பொடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். காலையில் மறந்ததை ஈடுசெய்ய மாலையில் இரண்டாகப் போடுவதும் கேடு. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற இதய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதும் கேடு.

மேலே நான் கூறியவற்றில் எதுவும் பெருங்கல்வி வேண்டும் செய்தியன்று. ஆயினும் நம் குடும்பங்களில் இவை முதியோரைச் சென்று சேரவில்லை. காரணம் என்ன? நான் எண்ணிப் பார்த்தேன். பெங்களூர்த் தமிழராகிய நமக்கென்றே ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும். பேரனுக்கு ஆங்கிலமும் கன்னடமும் தெரியும். தமிழ் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. மருந்துச் சீட்டோ ஆங்கிலத்தில் இருக்கிறது. பேரன் படித்துச் சொல்கிறான், பாட்டி கேட்டுக்கொள்கிறார், மறுநாள் மறந்துவிடுகிறார். எழுதிவைக்கப் பேரனால் முடியாது. பேரன் எழுதியதைப் படிக்கப் பாட்டியால் முடியாது. ஒரே கூரையின்கீழ் ஒருவர்க்கொருவர் எழுத்தறியாதவராய் வாழ்கிறோம். தமிழை வளர்க்க வேண்டும் என்று இம்மேடையில் முழங்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாத்திரை அட்டைதான் நினைவுக்கு வருகிறது.

என் அத்தை ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தனியே வாழ்கிறார். அவரைக் காணச் சென்றபோது, திண்ணையில் ஒரு பெண்மணி அமர்ந்து அவர் கையில் அழுத்தமானியைக் கட்டிக்கொண்டிருந்தார். மருத்துவரோ என்று எண்ணினேன். அல்லர், அவ்வட்டாரத்து மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர். தமிழ்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் பணிபுரிபவர். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடக்க முடியாதவர்க்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே தருகிறார்கள். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. விருதைவிட எனக்கு வியப்பளித்தது, அந்தப் பெண்மணி அத்தையிடம் கேட்ட கேள்விதான். "போன மாசம் கொடுத்ததுல ஏழு மாத்திரை மிச்சம் இருக்கே, ஏன் அத்தை?" என்றார். அதட்டவில்லை. அத்தையும் மறைக்கவில்லை. "அந்த வாரம் மக வீட்டுக்குப் போயிருந்தேன், எடுத்துப்போக மறந்துட்டேன்" என்றார். அங்கே, அந்தத் திண்ணையில், வள்ளுவர் சொன்ன நான்காமவரை நான் கண்டேன்.

நாம் வாழும் கருநாடக மாநிலத்திலும் 2024 அக்டோபரில் கோலார் மாவட்டத்தில் 'கிருக ஆரோக்கியா' என்ற பெயரில் வீடு தேடிச் சென்று பரிசோதித்து மருந்தளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுகள் செய்யட்டும், வரவேற்போம். ஆனால் அரசின் தன்னார்வலர் திங்களுக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் யார் கேட்பது?

என் வீட்டில் நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். எழுத்தர் வேறென்ன செய்வான்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டேன். காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு பத்திகள். உண்டால் அன்னையாரே ஒரு புள்ளி வைப்பார். ஐந்தாவது பத்திக்கு 'விட்டதற்குக் காரணம்' என்று தலைப்பிட்டேன். அதில் எதை எழுதினாலும் யாரும் கோபிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். முதல் திங்கள் முடிவில் அந்தப் பத்தியைப் படித்தேன். 'மாத்திரை உருண்டு போச்சு.' 'காபி குடிச்சிட்டேன்.' 'கல்யாண வீட்டில் தண்ணீர் கேட்கக் கூச்சம்.' 'கசக்குது.' 'நல்லாத்தானே இருக்கேன்.' பதினொரு காரணங்களில் 'மறந்துட்டேன்' என்பது மூன்றே இடங்களில்தான் இருந்தது. நாமோ எல்லா முதியோரையும் மறதிக்காரர் என்று ஏசிக்கொண்டிருக்கிறோம்!

அந்த நோட்டைத்தான் இப்போது மருத்துவரிடம் எடுத்துச் செல்கிறோம். 'நல்லாத்தானே இருக்கேன்' என்பதைப் படித்துவிட்டு, இரத்த அழுத்தம் வலிக்காத நோய் என்பதையும், நலமாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதையும் மருத்துவர் அன்னையாரிடம் கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். கசக்கும் மாத்திரைக்கு மாற்று எழுதினார். டப்பாவுக்குப் பதில், நாளுக்கு நான்கு அறைகள் கொண்ட பெட்டி வாங்கி, ஞாயிறுதோறும் நான் நிரப்புகிறேன். பிதுக்கும் தொல்லை அதனால் ஒழிந்தது. என் மனைவி நிரப்புவதில்லை, நானே நிரப்புகிறேன். நான்காமவர் என்றால் மருமகள் என்று பொருள்கொண்டு ஆடவர் நாம் தப்பித்துவிடுகிறோமே, அதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரவு வண்டியில் சென்னைக்குச் செல்லும் முதியோரிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். கழிப்பறை தொலைவு, வண்டி ஆடும் என்று அஞ்சி முந்தைய நாளே நீர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல் வருகிறார்கள். பலரோ மருந்துப் பையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். வண்டி ஐந்து மணி நேரம் தாமதம். எங்கள் துறையில் அது நடவாததா? மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒரு விண்ணப்பத்தோடு அமர்கிறேன். வருகிற ஞாயிறு முதல், திங்களுக்கு இரு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் படிப்பகத்தில் நானும் நண்பர் இருவரும் இருப்போம். உங்கள் வீட்டு டப்பாவை, வெட்டிய துண்டு, பழைய அட்டை எதையும் நீக்காமல், மருந்துச் சீட்டுகளோடு அப்படியே கொண்டு வாருங்கள். நாங்கள் மருத்துவர்கள் அல்லேம். எதையும் கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். சீட்டில் உள்ளதை உள்ளவாறே, எந்த மாத்திரை, எந்த வேளை, உணவுக்கு முன்னோ பின்னோ என்று பெரிய தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதித் தருவோம். ஒரே பெயர் இருமுறை வந்தால் வட்டமிட்டு, மருத்துவரிடம் காட்டும்படி சொல்வோம். தமிழ் எழுதத் தெரிந்த மாணவர்கள் வந்து உதவலாம். எழுதத் தெரியாத பேரப்பிள்ளைகள் வந்தால், பாட்டியின் மாத்திரைப் பெயர்களிலிருந்தே எழுத்துக் கூட்டத் தொடங்கலாம். சிவப்பு மை நான் கொண்டு வருகிறேன்.